கரிசல் மேல் ஒரு காங்கிரீட் வாசல்

கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம் பக்கம் புதிதாக வீடு கட்டியவர்களின் வாசலைக் கொஞ்சம் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை கார் ஏறுவதற்காகப் போட்ட காங்கிரீட் தளம். அதன் வெளி மூலையில் முக்கோணமாக ஒரு துண்டு உடைந்து, விரல் தடிமனுக்கு இறங்கி நிற்கும். நடுவே நீளவாக்கில் ஒரு விரிசல். அந்த விரிசலில் சிமெண்ட் பால் ஊற்றி அடைத்த தழும்பும், தழும்பை ஒட்டியே மறுபடி விட்ட புது விரிசலும் இருக்கும்.

எங்கள் வீட்டு வாசலும் அப்படித்தான் போனது. தளம் போட்டது ஒரு மே மாதம். ஐப்பசி மழை வந்து போய், அடுத்த கோடை முற்றுவதற்குள் மூலை உடைந்துவிட்டது. கொத்தனார் சிமெண்டைக் குறை சொன்னார். சிமெண்ட் கடைக்காரர் எம்-சாண்டைக் கை காட்டினார். எம்-சாண்ட் இறக்கிய லாரிக்காரர், "போர் தண்ணி உப்பா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். காலுக்குக் கீழே இருந்த மண்ணைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மாடித் தளத்தைத் தாங்குவதற்கு உத்தரமும் சுவரும் இருக்கின்றன. வாசல் தளத்துக்கு மண்ணைத் தவிர வேறு கதி இல்லை. மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தாங்கும் வரை, மேலே நாலு அங்குலக் காங்கிரீட் கூட ஒரு காரைச் சுமந்துவிடும். ஓரிடத்தில் மண் விலகி, இன்னோரிடத்தில் எழும்பி நின்றால், அந்தத் தளம் பாலமாக மாறிவிடுகிறது. பாலமாக நிற்பதற்கு அதை யாரும் கட்டவில்லை. காங்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், வளைத்தால் தாங்காது. அதன் இழுவிசைத் திறன் அமுக்கத்தைத் தாங்கும் திறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

கரிசல் மண்ணின் குணமே இந்த விலகலும் எழும்பலும்தான். மான்ட்மோரில்லோனைட் என்கிற களிமண் கனிமம் அதில் நிறைய உண்டு. ஏடு ஏடாக அடுக்கி வைத்தது போன்ற அமைப்பு கொண்ட கனிமம் அது. தண்ணீர் ஏடுகளுக்கு இடையில் புகுந்து அவற்றை விலக்கித் தள்ளும்; காய்ந்தால் ஏடுகள் மறுபடி நெருங்கும். பங்குனி, சித்திரையில் கரிசல் காட்டில் கைக்கோல் உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு விடுவதும், மழை பெய்த மறுநாள் அதே காடு செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாமல் இழுப்பதும் இதனால்தான். பருத்திக்கு அந்த ஈரப்பிடிப்பு வரம். வாசல் தளத்துக்கு அதுவே வினை.

உங்கள் மண் எவ்வளவு உப்பும் என்பதை வீட்டிலேயே ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம். ஆய்வகத்தில் செய்கிற சோதனையும் இதேதான், அங்கே அளவுகள் துல்லியமாக இருக்கும். மண்ணைக் காயவைத்து, பொடித்து, மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டும். அதில் 10 கிராம் எடுத்து 100 மில்லி அளவுக் குழாயில் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இன்னொரு 10 கிராமை அதே மாதிரி குழாயில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். இரண்டையும் நன்றாகக் கலக்கி, காற்றுக் குமிழ்களைப் போக்கி, 24 மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும். மண்ணெண்ணெயில் கரிசல் உப்பாது, தண்ணீரில் உப்பும். மண்ணெண்ணெயில் 10 மில்லிக்குப் படிந்த மண் தண்ணீரில் 16 மில்லிக்கு நின்றால், உப்பல் 60 சதவீதம். சாலை போடுபவர்களுக்கான இந்திய வழிகாட்டியில் 50 சதவீதத்தைத் தாண்டும் மண்ணைத் தனியாகக் கவனிக்கச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணுக்கும் சாலைக்கும் நடுவே 60 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை உப்பாத மண்ணைப் போடச் சொல்கிறார்கள். நாங்கள் இரண்டு கண்ணாடி டம்ளரில் செய்து பார்த்தோம். இப்போதெல்லாம் மண்ணெண்ணெய் கிடைப்பதுதான் பெரிய பாடு. மறுநாள் காலையில் தண்ணீர் டம்ளரில் மண் ஏறி நின்ற உயரத்தைப் பார்த்த பிறகு நான் சிமெண்ட் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை.

சரி, மே மாதத்தில் போட்டதில் என்ன தப்பு? மே மாதத்துக் கரிசல் கல் மாதிரி இருக்கும். கடப்பாரை போட்டால் டங்கென்று சத்தம் வரும். "பாறை மாதிரி இருக்கு சார், இதுக்கு மேல அடியில என்ன வேணும்?" என்று கொத்தனார் சொன்னதை நம்பினோம். காய்ந்து சுருங்கி நிற்கிற கரிசல்தான் தண்ணீரைப் பார்த்ததும் அதிகமாக உப்பும். சுருங்கி முடித்த மண்ணுக்கு இனி ஒரே வழி, மேலே எழும்புவது. அதன் தலையில் தளத்தை வைத்துவிட்டு மழைக்காகக் காத்திருந்தோம்.

தளம் போட்ட பிறகு கீழே நடப்பது இன்னும் விசித்திரமானது. தளத்தின் நடுப்பகுதிக்குக் கீழே இருக்கும் மண்ணுக்கு வெயில் படாது. ஆழத்திலிருந்து ஏறிவரும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். அதனால் நடுவில் மண் மெல்ல உப்பி, ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். ஓரங்கள் அப்படியில்லை. கோடையில் ஓரத்து மண் காய்ந்து சுருங்கிக் கீழே இறங்கும், ஓரக் காங்கிரீட் அந்தரத்தில் தொங்கும். அந்த நேரம் பார்த்து வண்டியின் சக்கரம் மூலையில் ஏறினால் அந்த முக்கோணத் துண்டு விழுகிறது. மழைக்காலத்தில் கதை தலைகீழாகும்: ஓரத்து மண் முதலில் நனைந்து எழும்பும். இப்படி ஆண்டுக்கு இரண்டு முறை வளைத்து நிமிர்த்தினால் எந்தக் காங்கிரீட்தான் நிற்கும்?

அதனால் செலவு செய்ய வேண்டிய இடம் அடிமண். குறைந்தது ஒன்றரை அடி, முடிந்தால் இரண்டு அடி ஆழத்துக்குக் கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, செம்மண் கலந்த கிராவலை நிரப்ப வேண்டும். வாசலின் அகலத்தோடு நிறுத்தாமல் இருபுறமும் ஓர் அடி, ஒன்றரை அடி சேர்த்தே வெட்ட வேண்டும், ஏனென்றால் சண்டையே ஓரத்தில்தான். இங்கே பலர் செய்யும் தவறு, பள்ளத்தில் மணலையோ, பழைய கட்டடத்தை இடித்த செங்கல் துண்டுகளையோ கொட்டுவது. மணல் நல்ல பொருள்தானே என்று தோன்றும். சுற்றிலும் கரிசல், நடுவில் மணல் என்றால் அது குளம். மழைத் தண்ணீர் சல்லென்று மணலுக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் நின்று, அடியிலும் பக்கத்திலும் இருக்கும் கரிசலுக்கு நாள் கணக்கில் தண்ணீர் ஊட்டும். கிராவலில் கொஞ்சம் மண்பிடிப்பு இருப்பதால் இறுக்கினால் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது, அதே சமயம் உப்பவும் செய்யாது. வேண்டியது அந்தக் குணம்தான்.

நிரப்புவதை அரை அடி, அரை அடியாகச் செய்ய வேண்டும். இரண்டு அடிப் பள்ளத்தை டிராக்டரில் கொட்டி ஒரே மூச்சில் மூடிவிட்டு மேலே மட்டும் திமிசு போட்டால் மேல் நாலு அங்குலம்தான் இறுகும். தண்ணீர் எவ்வளவு தெளிப்பது என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. கிராவலை ஒரு பிடி பிடித்தால் பிடிகொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு நிற்க வேண்டும், ஒரு விரலால் தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். கையில் ஒட்டினால் தண்ணீர் அதிகம், பிடிக்கும்போதே உதிர்ந்தால் குறைவு. அதிர்ந்து இறுக்கும் தகட்டு மிஷின் பல ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கிறது. அதை ஒரு நாள் வாங்கி வைத்துக்கொள்வது, காங்கிரீட்டில் நாலு மூட்டை சிமெண்ட் கூடுதலாகப் போடுவதைவிடப் பலன் தரும்.

கிராவலுக்கு வழியில்லாத ஊரில் சுண்ணாம்பு கைகொடுக்கும். மேல் ஓர் அடிக் கரிசலைக் கொத்திப் பொடியாக்கி, மண்ணின் எடையில் 3 முதல் 5 சதவீதம் நீர்த்த சுண்ணாம்பைக் கலந்து, ஈரப்படுத்தி இறுக்கினால் மண்ணின் உப்பும் குணம் பெருமளவு அடங்கும். களிமண் ஏடுகளுக்கிடையே இருக்கும் சோடியம் போன்றவை விலகி அந்த இடத்தில் கால்சியம் உட்கார்ந்துகொள்வதுதான் காரணம். கலந்த கொஞ்ச நேரத்திலேயே பிசுபிசுப்பு போய் மண் உதிரியாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுட்ட சுண்ணாம்பை நேரடியாகக் கையாள வேண்டாம், தோலையும் கண்ணையும் வெந்துபோக வைத்துவிடும்.

உடைந்த எங்கள் தளத்தைப் பெயர்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. நாலு அங்குலம் என்று பேசிய தளம், ஓரத்தில் இரண்டரை அங்குலம்தான் இருந்தது. அடிமண்ணை மட்டம் பார்க்காமல் மேல்மட்டத்தை மட்டும் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தால் இப்படித்தான் ஆகும், மேடான இடத்தில் காங்கிரீட் மெலிந்துவிடும். இரண்டாவது, கம்பி. பெயர்த்த துண்டுகளைப் புரட்டினால் கம்பி வலை தளத்தின் அடிவயிற்றில் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காங்கிரீட் கொட்டும்போது கொக்கி போட்டுத் தூக்கிவிடுவதாகச் சொன்னார்கள். தூக்கியிருப்பார்கள், அடுத்த சட்டியைக் கொட்ட வந்த கால் மிதித்து மறுபடி இறங்கியிருக்கும்.

தடிமனைப் பற்றி ஒரு கணக்கு. 10 அடி அகலம், 20 அடி நீளம் கொண்ட வாசலுக்கு 4 அங்குலத் தளம் என்றால் 67 கன அடிக் காங்கிரீட். 5 அங்குலம் என்றால் 83 கன அடி. வித்தியாசம் சுமார் 4 மூட்டை சிமெண்டும் அதற்கான ஜல்லி, எம்-சாண்டும்தான். வளைவைத் தாங்கும் பலமோ தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது: நாலு நாலு 16, ஐந்து ஐந்து 25. கால் பங்கு கூடுதல் பொருளுக்கு அரைப் பங்குக்கு மேல் கூடுதல் பலம். வீட்டுக் கணக்கில் இதைவிட லாபமான பேரம் எனக்குத் தெரியவில்லை. சின்னக் கார் ஏறக்குறைய ஒரு டன்தான். ஆனால் தண்ணீர் லாரியை நினைத்துப் பாருங்கள். 12,000 லிட்டர் வண்டியில் தண்ணீர் மட்டுமே 12 டன். அது ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு சக்கரம் உங்கள் தளத்தின் ஓரத்தில் ஏறினால் போதும். அதனால் சாலைப்பக்க ஓரத்தையும் இரு பக்க ஓரங்களையும் ஓர் அடி அகலத்துக்கு 8, 9 அங்குலமாகக் கீழே தடித்துவிடுவது நல்லது. ஓரத்து மண் காய்வதையும் அது கொஞ்சம் தாமதப்படுத்தும்.

கம்பி விஷயத்தில் பலருக்கும் ஒரு நம்பிக்கை: கம்பி போட்டால் விரிசல் விடாது. விடும். விட்ட விரிசல் அகலமாகாமல் இறுக்கிப் பிடிப்பதுதான் கம்பியின் வேலை. அதற்கு அது தளத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில், மேற்பரப்பிலிருந்து சுமார் 2 அங்குலம் கீழே இருக்க வேண்டும். 8 மில்லி கம்பியை இருபுறமும் 8 அங்குல இடைவெளியில் கட்டி, கம்பியை மண்ணிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குகளை நெருக்கமாக வைத்து, நடக்கப் பலகை போட்டால் அது இடத்தில் நிற்கும். மண்ணோடு ஒட்டிக் கிடக்கப் போகிற கம்பிக்குச் செலவழிப்பதைவிட அந்தக் காசுக்குக் கிராவல் வாங்கலாம்.

விரிசலைத் தடுக்க முடியாது என்றால், எங்கே விட வேண்டும் என்று நாமே சொல்லிவிடலாம். காடி வெட்டுவது, அதாவது தளத்தின் மேல் நேர்கோட்டில் மெல்லிய பள்ளம் கீறுவது, அதற்குத்தான். காங்கிரீட் காயும்போது மீட்டருக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர் சுருங்கும். 10 மீட்டர் நீளத் தளம் 3 மில்லிமீட்டர் குறைய வேண்டும். வெப்பமும் தன் பங்குக்கு இழுக்கும்: அதிகாலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே தளத்தின் சூடு 30 டிகிரி மாறினால், அதே 10 மீட்டர் இன்னொரு 3 மில்லிமீட்டர் நீண்டு குறுகும். அடிமண் பிடித்துக்கொள்வதால் தளத்தால் தாராளமாக நகர முடியாது, எங்காவது பிய்த்துக்கொள்கிறது. 5 அங்குலத் தளம் என்றால் 10 அடிக்கு ஒரு காடி, நம் வெயிலுக்கு இன்னும் நெருக்கமாக 8 அடிக்கு ஒன்று. ஆழம் தடிமனில் கால் பங்குக்குக் குறையக் கூடாது. கட்டங்கள் சதுரத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். வெட்டும் மிஷினை மூன்று நாள் கழித்துக் கொண்டுவருவதில் பயனில்லை, அதற்குள் தளம் தானே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கும். கோடையில் போட்ட அன்று இரவோ மறுநாள் விடியலிலோ வெட்டிவிட வேண்டும், ஜல்லி பிய்ந்து வராத அளவுக்கு இறுகியிருந்தால் போதும். மிஷின் கிடைக்காவிட்டால் பழைய முறை இருக்கவே இருக்கிறது: கட்டங்களை ஒன்று விட்டு ஒன்றாகப் போட்டு, சில நாள் கழித்து நடுக்கட்டங்களை நிரப்புவது. அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்து பெல்பவுண்டைன் ஊரில் 1891-இல் போட ஆரம்பித்த காங்கிரீட் தெரு இன்றும் இருக்கிறது. அதையும் சின்னச் சின்னச் சதுரங்களாகத்தான் போட்டார்கள்.

தளம் வீட்டோடு ஒட்டும் இடத்தில் ஒரு பிரிவு கட்டாயம் வேண்டும். கரிசலில் ஒழுங்காகக் கட்டிய வீடு ஆழத்தில் கால் ஊன்றி நிற்கும். அடியில் குடை மாதிரி விரிந்த பைல், அதாவது ஆழத்தில் இறக்கும் அடித்தளத் தூண், போடுவதை ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்காகவே வளர்த்தெடுத்தது. வீடு அசையாது, வாசல் அசையும். இரண்டையும் கம்பியால் கட்டினாலோ நெருக்கிப் போட்டாலோ இரண்டில் ஒன்று உடையும். அரை அங்குலத் தெர்மகோல் பலகையை நடுவில் வைத்துவிட்டால் போதும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீர்ச் சம்ப்பையும் கழிவுத் தொட்டியையும் பெரும்பாலும் போர்ட்டிகோவுக்குக் கீழேதான் வைக்கிறோம். சம்ப்பின் சுவர் மேல் பாதி, மண் மேல் பாதி என்று தளம் உட்கார்ந்தால் அந்தச் சுவரின் கோட்டிலேயே விரிசல் விழும். சம்ப்பைச் சுற்றியும் அதே தெர்மகோல் பிரிவு வேண்டும். சம்ப் கசிகிறதா என்பதைத் தளம் போடும் முன் பார்த்துவிடுங்கள், கசிவுதான் கரிசலுக்கு ஆண்டு முழுவதும் தீனி.

கலவையில் எல்லாரும் சிமெண்டை எண்ணுகிறார்கள், தண்ணீரை எண்ணுவதில்லை. வீட்டு வேலைக்கு வழக்கமான எம்20 தரக் கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் போதும், அதிலும் நனைந்த எம்-சாண்ட் தன்னோடு நாலு லிட்டர் கொண்டுவந்திருக்கும். கலவை இறுக்கமாக இருக்கிறதென்று சித்தாள் பக்கெட்டில் மோந்து ஊற்றி 32 லிட்டர் ஆக்கினால், பலத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும், சுருக்கமும் கூடும். ஊற்றுபவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வெயிலில் இறுகிய கலவையை மணியாசுக்கட்டையால் இழுப்பது முதுகை ஒடிக்கிற வேலை. அதனால் வெயில் தாழ்ந்து மாலை 4 மணிக்கு மேல் ஆரம்பிப்பது, ஒரு வைப்ரேட்டரை ஏற்பாடு செய்வது, முன்கூட்டி அடிமண்ணை நனைத்து வைப்பது என்று வேலையை எளிதாக்கித் தருவதுதான் வழி.

எந்த மாதம் போடுவது? கரிசலுக்கு என் விருப்பம் தையும் மாசியும். மழை நின்று மண்ணில் மிதமான ஈரம் இருக்கும், வெடிப்பு இன்னும் விட்டிருக்காது. வெயிலும் கருணையோடு இருக்கும். தவிர்க்க முடியாமல் கோடையில் போட்டால், பள்ளம் வெட்டியதும் அடிக் கரிசலைச் சில நாள் நனைத்து வெடிப்புகள் மூடிய பிறகுதான் கிராவலைப் போட வேண்டும். இன்னொரு எதிரி ஆடி மாதம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மலைக் கணவாய்கள் வழியாக வந்து தென்மாவட்டங்களிலும் கோவைப் பக்கத்திலும் வீசும் அந்த வறண்ட காற்று, வெயில் சுமாராக இருந்தாலும், ஈரக் காங்கிரீட்டின் மேல்தோலை ஒரு மணி நேரத்தில் உலர்த்திவிடும். அடியிலிருந்து கசிந்து மேலே வரும் தண்ணீரைவிட ஆவியாகும் தண்ணீர் அதிகமானால், தளம் இறுகும் முன்பே கோழி கிளறியது போல மேலே மெல்லிய விரிசல்கள் வரும். தேய்த்து முடித்த இடத்தை உடனுக்குடன் தார்ப்பாய் போட்டு மூடுவதுதான் மருந்து.

அப்புறம் நனைப்பது. கடைகளில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட். அது மெதுவாகப் பலம் பிடிக்கும். இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 இதற்குக் குறைந்தது 10 நாள் கேட்கிறது, வறண்ட வெயிலில் 14 நாள் வரை நீட்டச் சொல்கிறது. "மூணு நாள் தண்ணி காட்டினா போதும்" என்பது தரநிலையில் எங்கும் இல்லை. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது மாடிக்கு நல்லது. கரிசல் வாசலில் பாத்தி உடைந்து ஓரத்து மண்ணில் தண்ணீர் இறங்கும் என்பதால் நான் நனைத்த சாக்குக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

மேற்பரப்பைக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கிக் கொடுப்பதில் கொத்தனார்களுக்கு ஒரு பெருமை. மேலே கசிந்து நிற்கும் தண்ணீரில் சிமெண்ட் பொடியைத் தூவி இழுத்தால் அந்தப் பளபளப்பு வரும். அடுத்த ஆண்டு அது மீன் செதில் மாதிரி உரியும், முதல் மழையில் ஸ்கூட்டர் வழுக்கும். தண்ணீர் தானாக வற்றிய பிறகு ஒரே ஒரு முறை கரண்டியால் இழுத்துவிட்டு, விளக்குமாற்றால் குறுக்கே வரி போடுவதே சரி. எங்கள் வீட்டில் இதற்கு எதிர்ப்பு வந்தது. வரி போட்ட தரையில் கோலமாவு இழையாது என்றார் அம்மா. நியாயம்தான். வாசற்படிக்கு முன்னால் மூன்றடிச் சதுரத்தை மட்டும் வழவழப்பாக விட்டுவிட்டோம், சக்கரம் ஏறும் இடமெல்லாம் வரி.

இந்தக் கதையைக் கடற்கரைக்கு அப்படியே எடுத்துப் போகக் கூடாது. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ ராமநாதபுரம் கடலோரத்திலோ அடியில் மணல். உப்பாது, சுருங்காது, தண்ணீரை உடனே இறக்கிவிடும். தண்ணீர் ஊற்றி அதிரவைத்து இறுக்கி, ஓரங்களில் நழுவாமல் கட்டிவிட்டால் அருமையான படுகை. அங்கே எதிரி உப்பு. கம்பி துருப்பிடித்துப் பெருத்து, காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். அதனால் கடலோரத்தில் கம்பியே இல்லாமல் நெருக்கமான காடிகளோடு போடுவது புத்திசாலித்தனம். கலக்கும் தண்ணீரில் குளோரைடு கம்பியுள்ள காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐஎஸ் 456, கம்பியில்லாததற்கு 2,000 வரை பொறுத்துக்கொள்கிறது. சக்கரம் ஓடும் இரண்டு தடங்களை மட்டும் இரண்டிரண்டு அடி அகலத்தில் போட்டு, நடுவில் புல் விடுவதும் மணல் பூமிக்கு நன்றாகப் பொருந்தும், மழைத் தண்ணீரும் மண்ணுக்குள் போகும். கரிசலில் அதையே செய்தால் நடுவில் நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி.

தண்ணீர் எங்கே போகிறது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக 20 அடிக்கு 4 அங்குலச் சரிவு போதும். ஆனால் தெருவில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் அது ஏறிக்கொண்டே வந்து, நாம் வைத்த சரிவு உள்நோக்கித் திரும்பிய தெருக்கள் எத்தனை! பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அது உங்கள் தெருவில் நடக்கும் என்று நம்பித் தளத்தின் மட்டத்தை முடிவு செய்ய வேண்டாம். கேட்டுக்கு உள்ளே குறுக்காகக் கம்பிச் சல்லடை மூடிய ஒரு சின்ன வாய்க்கால் வைத்து, அந்தத் தண்ணீரை மழைநீர்த் தொட்டிக்குக் கொண்டுபோய்விடலாம். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அந்தத் தொட்டி கட்டாயம். கரிசலில் அது தளத்திலிருந்து தள்ளி, களிமண் அடுக்கைத் தாண்டிய ஆழத்துக்குப் போக வேண்டும். ஏசி சொட்டும் குழாயும், மேல்தொட்டி நிரம்பி வழியும் குழாயும் தளத்தின் ஓரத்தில் முடியக் கூடாது.

வெட்டினால் ஆறேழு அடிக்கும் கரிசலாகவே இருக்கிறது, கிராவலுக்கும் காசில்லை என்றால் காங்கிரீட் பிடிவாதத்தை விட்டுவிட்டுப் பேவர் பிளாக் போடலாம் என்பது என் கருத்து. அதுவும் மேடு பள்ளமாகும். ஆனால் உடையாது. ஒரு நாள் கூலிக்கு எடுத்து, அடியைச் சமன் செய்து, அதே கற்களைத் திரும்பப் பதித்துவிடலாம். உடைந்த காங்கிரீட்டை என்ன செய்வது என்று தெரியாமல் எங்கள் வீட்டுத் துண்டுகள் எட்டு மாதம் வேப்பமரத்தடியில் கிடந்தன.

அந்த வேப்பமரம் தளத்திலிருந்து பத்தடியில் நிற்கிறது. வெட்ட மனம் வரவில்லை. கோடையில் அது அந்தப் பக்கத்து ஈரத்தை உறிஞ்சுவதால் அந்த ஓரத்துக் கட்டம் மட்டும் இன்னமும் கொஞ்சம் இறங்கி ஏறுகிறது. காடி அதற்கு இடம் கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு புரட்டாசியிலும், மழை வருவதற்கு முன், காடிகளில் சேர்ந்த மண்ணைப் பழைய பல்துலக்கும் பிரஷால் சுரண்டி எடுத்துவிட்டு, தாரை உருக்கி ஊற்றுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை அது.